கேஸின் வாய்

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை யாராவது கடை மேசைமேல் வைத்தால், உள்ளே இருப்பது என்னவென்று பிரிக்காமலே சொல்லிவிடுவார் அவர். கையில் தூக்கினாலே தெரிகிற கனம் அது. கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அவருடைய டூவீலர் கடை. அப்படிப் பொட்டலத்தோடு வருகிற பையன்களுக்குப் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.

“அண்ணா, 135 பிளாக்குங்ணா. மெட்ராஸ் புதுப்பேட்டையில புடிச்சேன். நம்ம நூறுல தூக்கி உக்கார வெச்சரலாமுங்களா?”

“அதா உக்காராது கண்ணு. நாமதான் உக்கார வெக்கோணும்.”

நூறு என்றால் யமஹா ஆர்எக்ஸ் 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா 1985இல் இந்தியாவில் இறக்கிய வண்டி; 1996இல் உற்பத்தி நின்றது. நின்று முப்பது வருடமாகியும் கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் அதற்குக் கிராக்கி குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. காரணத்தைப் புரியவைக்க அவர் எப்போதும் பக்கத்தில் ஒரு பழைய ஸ்பிளெண்டரை நிறுத்திக்கொள்வார். ஸ்பிளெண்டரின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் ஓட்டம் 49.5, கொள்ளளவு 97.2 சிசி. ஆர்எக்ஸ் 100க்கு விட்டமும் 50, ஓட்டமும் 50, 98 சிசி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் சொம்பு. ஆனால் அந்தக்கால ஸ்பிளெண்டர் ஏழு, ஏழரைக் குதிரைத்திறனோடு அடங்கிப்போகும். யமஹா 7,500 சுற்றில் பதினொன்றைக் கொடுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடி. டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒன்று. நூறு கிலோவை ஒட்டிய எடையில் அந்தப் பதினொன்றை வைத்தால் வருகிற பிக்கப்புக்கு ஒரு தலைமுறையே அடிமை.

அதுவும் போதவில்லை என்றுதான் பொட்டலம் வருகிறது.

ஆர்எக்ஸ் 100 நின்ற சமயத்தில் அதே குடும்பத்திலிருந்து ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ் 135 என்று வண்டிகள் வந்தன. 135 மட்டும் 2005 வரை ஓடியது. அதன் சிலிண்டர் விட்டம் 58, ஓட்டம் பழைய 50தான். 132 சிசி. பேரில் இருக்கிற 135 கொஞ்சம் தாராளமாகச் சொன்ன கணக்கு. இந்தோனேசியாவில் பெயர் வாங்கிய ஆர்எக்ஸ் கிங் என்ற வண்டிக்கும் இதே 58, 50தான்.

ஓட்டம் மாறவில்லை என்பதுதான் ஆசையின் வேர். ஓட்டத்தைத் தீர்மானிப்பது கிராங்க். கிராங்க்கைத் தொடாமல் மேலே இருக்கிற பிளாக், பிஸ்டன், ஹெட் மூன்றையும் மாற்றினால் 34 சிசி கூடிவிடும். கடைச் சுவரில் சாக்பீஸால் அவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாத பையன் இல்லை. விட்டம் எட்டு மில்லிமீட்டர்தான் ஏறுகிறது, நூற்றுக்குப் பதினாறு. ஆனால் பிஸ்டன் தலையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே கொள்ளளவு நூற்றுக்கு முப்பத்தைந்து வரை கூடிவிடுகிறது. பஜாஜின் பழைய பல்சர்களிலும் இதே சங்கதி உண்டு. 150க்கு விட்டம் 57, 180க்கு 63.5, பின்னால் வந்த 200க்கு 67. மூன்றுக்கும் ஓட்டம் ஒரே 56.4. கம்பெனிக்காரனே அண்ணன் சட்டையைத் தம்பிக்கும் தம்பி சட்டையை அண்ணனுக்கும் அளவெடுத்து வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். பித்தான் மட்டும் எல்லா இடத்திலும் பொருந்தாது.

அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி மைக்ரோமீட்டர் வைத்திருக்கவில்லை. பிஸ்டனைப் பிளாக்குக்குள் விட்டு, காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார். ‘டக்’ என்றால் போரிங்குக்கு அனுப்பு, ‘தப்’ என்றால் ரிங் மாற்றினால் போதும். பத்தாம் வகுப்போடு பள்ளியை முடித்துவிட்டு மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவ வந்த பையனுக்கு அது மந்திரவாதமாகத் தெரிந்தது. இரண்டு வருடம் கழுவினார். எந்த வண்டியின் உள்ளுறுப்பு எந்த வண்டியோடு ஒத்துப்போகும் என்பது கைக்குத் தானாக ஏறிய காலம் அது; கழுவுகிறவனுக்குத்தான் எல்லாப் பொருளும் நிர்வாணமாகத் தெரியும். மேஸ்திரியின் காதை இன்றைக்கும் அவர் மதிக்கிறார். ஆனால் காதை நம்பி ஒரு பிளாக்கைக்கூட அவர் மாற்றுவதில்லை. அதற்குக் காரணம் வால்பாறை.

ஆர்எக்ஸ் 135 ஷோரூமில் விற்றுக்கொண்டிருந்த நாட்களில் அவர் முதன்முதலாக மாற்றியது சொந்த வண்டியைத்தான். அடுத்தவர் வண்டியில் கைவைக்கப் பயம். விபத்தில் சிக்கிப் பிரித்துப் போட்ட ஒரு 135இலிருந்து பிளாக், ஹெட், பிஸ்டன் எல்லாம் கிடைத்தன. மாற்றினார். ஊருக்குள் ஓட்டினால் வண்டி கைப்பிடியில் நிற்கவில்லை. இரண்டாவது கியரில் முன்சக்கரம் லேசாகிறது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு காரியமும் செய்தார். சைடு கவருக்குப் பின்னால் இருக்கிற 2டி ஆயில் டேங்கையும், கிராங்க் கேஸின் பக்கவாட்டில் இருக்கிற ஆயில் பம்ப்பையும் கழற்றி வைத்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்ட ஆரம்பித்தார். பம்ப் பழசு, எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. லிட்டருக்கு 20 மில்லி கலந்துவிட்டால் கவலை இல்லை என்பது அன்றைய பட்டறைஞானம். ரேஸ் வண்டியெல்லாம் அப்படித்தானே ஓடுகிறது என்று வேறு ஒருவர் தூபம் போட்டார்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நண்பன் பின்னால் உட்கார்ந்திருக்க, வண்டி ஏறிய ஏற்றத்தைப் பற்றி அவர் இன்றும் பேசினால் முகம் மாறிவிடும். பஸ்ஸைத் தாண்டினார்கள், லாரியைத் தாண்டினார்கள். வால்பாறையில் டீ குடித்தார்கள். திரும்பினார்கள்.

இறக்கத்தில் மூன்றாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு, இன்ஜின் பிடியிலேயே வண்டியை இறக்கினார். பாதி வளைவுகள் தாண்டியிருப்பார்கள். பின்சக்கரம் திடீரென்று சுற்றாமல் நின்று, தார்ரோட்டில் கிறீச்சென்று கோடு போட்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் பிழைத்தார்கள். இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் லிவர்மேல் இருக்க வேண்டும் என்று மேஸ்திரி திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார். அந்தத் திட்டுத்தான் காப்பாற்றியது என்கிறார். பிஸ்டன் ஜாம். சாலையோரக் கல்லில் அரைமணி நேரம் உட்கார்ந்து, ஆறவைத்து, கிக்கரை மெல்ல அழுத்தி விடுவித்து, மீதி வளைவுகளை நியூட்ரலில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினார்கள்.

தவறு எங்கே என்று அவருக்குப் புரிய ஒரு வாரமாயிற்று. யமஹா 1964லிருந்து தன் டூ ஸ்ட்ரோக்குகளில் வைத்துவந்த ஆட்டோலூப் பம்ப், இன்ஜின் சுற்றைப் பொறுத்தும் ஆக்ஸிலேட்டர் திறப்பைப் பொறுத்தும் ஆயிலை அளந்து விடுவது. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடினாலும் இன்ஜின் சுற்றுகிறவரை குறைந்தபட்சம் சில சொட்டுகள் விழுந்துகொண்டிருக்கும். பெட்ரோலில் கலந்துவிட்டால் அந்தச் சொட்டும் இல்லை. பெட்ரோல் வந்தால்தான் ஆயில் வரும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கிறது, பெட்ரோல் வரவில்லை; சக்கரம் மட்டும் இன்ஜினை ஐந்தாயிரம், ஆறாயிரம் சுற்றில் இழுத்துச் சுற்றுகிறது. காய்ந்த சுவரில் பிஸ்டன் உரசும். ஜாவாவும் ராஜ்தூத்தும் ஓட்டிய பெரியவர்கள் மலையிறக்கத்தில் நடுநடுவே ஆக்ஸிலேட்டரைத் திருகி ‘ர்ர்ம்... ர்ர்ம்’ என்று விட்டுக்கொண்டே இறங்குவார்கள். பந்தாவுக்குச் செய்வதாகத்தான் சிறுவயதில் அவர் நினைத்திருந்தார். தொண்டைக்குத் தண்ணீர் விடுகிற வேலை அது.

பிளாக் மேல் பழியில்லைதான். ஆனால் பிரித்துப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது: போரிங் போட்ட அளவும் நெருக்கம். சுவருக்கும் பிஸ்டனுக்கும் விடவேண்டிய இடைவெளியைக் கண்ணால் பார்த்துத் தீர்மானித்திருந்தார்கள். அன்றைக்கு வாங்கியதுதான் இன்றும் அவர் மேசை இழுப்பறையில் பச்சைத் துணியில் சுற்றியிருக்கிற மைக்ரோமீட்டர்.

அதற்குப் பிறகு பொட்டலத்துப் பையன் வந்தால் என்ன நடக்கும்?

முதலில் வண்டியைத் தொடமாட்டார். பொட்டலத்தைப் பிரித்து பிளாக்கை அளப்பார். பழைய பிளாக்குகள் எத்தனை முறை போரிங் போடப்பட்டவை என்று விற்றவனுக்கே தெரியாது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும், 0.25, 0.50, 0.75, 1.00. ஒன்று வரை ஏறிவிட்ட பிளாக் என்றால் அடுத்தமுறை லைனர் மாற்ற வேண்டும், புதுப்பேட்டைக்காரருக்குக் கொடுத்த காசு அதோடு போயிற்று. அடுத்து பிஸ்டன் பின். 135 பிஸ்டனின் பின் தடிமன், நூறின் கனெக்டிங் ராடு மேல்கண்ணில் இருக்கும் நீடில் பேரிங்கோடு சேர்கிறதா என்று கையில் வைத்து அளந்துதான் சொல்வார். வாய்க்கணக்கு இங்கே செல்லாது.

பிறகு பையனிடம் சொல்லவேண்டிய கசப்பான சேதி: இன்ஜினை முழுதாக இறக்க வேண்டும்.

பையன்கள் அதிர்வது இந்த இடத்தில்தான். மேலே உள்ளதை மட்டும் மாற்றுவதாகத்தானே பேச்சு? பேச்சு அதுதான். ஆனால் 58 மில்லிமீட்டர் துளையைச் சுற்றி லைனர் தடிமனும் இருக்கிறதல்லவா. பிளாக்கின் அடியில் கேஸுக்குள் இறங்கி நிற்கிற அந்த லைனர் கால், 50க்கு அளவாக அமைந்த கேஸ் வாய்க்குள் போகாது. வாயைப் பெரிதாக்க வேண்டும். கிராங்க்கை உள்ளே வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. செய்கிறவர்கள் இருக்கிறார்கள், துணியைத் திணித்துவிட்டு அரத்தால் ராவுவார்கள். ஒரு சிட்டிகை அலுமினியத் தூள் பேரிங்குக்குள் போனால் மூன்று மாதத்தில் கிராங்க் பாடும்.

ஆகவே கேஸின் இரண்டு பாதிகளையும் பிரித்து, கிராங்க்கை எடுத்துவிட்டு, வெற்றுப் பாதிகளை மறுபடி சேர்த்து போல்ட்டை முழு இறுக்கத்துக்கு முடுக்கி, பக்கத்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவார். லேத்துக்காரர் இருபது வருடத் தோழர். பம்ப் பாகங்கள் கடைகிற கை; அலுமினியம் அவருக்கு வெண்ணெய். பழைய வாயை ஆதாரமாக வைத்து டயல் ஊசியால் நடுமையம் பிடிப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகும், கடைவதற்குப் பத்து நிமிடம். மையம் அரை மில்லிமீட்டர் விலகினால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோகும், அந்தப் பக்கத்தில் பேக்கிங் பிடிக்கச் சதையிருக்காது. இந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள், பத்து நிமிடத்துக்குக் கேட்டதைத் தந்துவிடுகிறார்கள் என்பது லேத்துக்காரரின் நிரந்தரப் புகார்.

வாய் முடிந்தால் கன்னம். கேஸுக்குள் அழுந்திய பெட்ரோல் காற்று, பிளாக்கின் இருபுறமும் உள்ள டிரான்ஸ்ஃபர் வழிகளில் ஏறித்தான் பிஸ்டனுக்கு மேலே போகிறது. பெரிய பிளாக்கின் வழி அகலம், சின்ன கேஸின் பள்ளம் குறுகல். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு திண்ணை நிற்கும். 135இன் அடிப் பேக்கிங்கைக் கேஸ்மேல் படியவைத்து ஊசியால் கோடு கீறி, அந்தக் கோடு வரைக்கும் திண்ணையைச் சரிவாக்குவார். கோட்டைத் தாண்டமாட்டார். புகைபோக்கும் எக்ஸாஸ்ட் வழியையும் அகலப்படுத்திக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களை அவர் நேராகவே மறுத்துவிடுகிறார். வழி அகலமானால் ரிங் அந்தச் சன்னலுக்குள் பிதுங்கும். ஒருநாள் விளிம்பில் சிக்கி உடையும். தாண்டிவிட்ட பிளாக்குகள் இரண்டைக் கடை வாசலில் பூச்செடிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.

பூட்டுகிறபோது அவர் செய்கிற ஒரு சோதனை வேடிக்கை பார்க்கக் கூட்டத்தைச் சேர்க்கும். பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியை உள்ளே நீட்டி, சிலிண்டர் சுவரைத் தொடும்வரை தள்ளி, கிக்கரைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். மேலே வருகிற பிஸ்டன் ஹெட்டின் ஓரத்தோடு கம்பியை நசுக்கும். வெளியே எடுத்து நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் வைத்தால், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் அவருக்குத் திருப்தி. குறைந்தால் தடித்த பேக்கிங், கூடினால் மெல்லியது. நூறின் ஹெட்டையே 135 பிளாக்மேல் பூட்டிக்கொண்டு வந்த ஒருவரின் பிஸ்டன் தலையில் வட்டமாக அச்சு விழுந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். 50க்குக் குடைந்த கிண்ணம் 58க்குப் பொருந்துமா?

அடுத்தது சோப்புத்தண்ணீர். பெட்ரோல் உள்ளே வரும் வழியையும் புகை வெளியே போகும் வழியையும் சைக்கிள் ட்யூப் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்ப்பால் மெதுவாக இரண்டு அழுத்து. வேகமாக அடித்தால் ஆயில் சீல் பிதுங்கிவிடும். பேக்கிங் ஓரங்களில் சோப்புத்தண்ணீர் தடவினால், எங்கே நுரை கட்டுகிறதோ அங்கே ஒழுக்கு. டூ ஸ்ட்ரோக்கில் காற்று ஒழுக்கு என்பது வெறும் சத்தமல்ல. கணக்கில் இல்லாத காற்று உள்ளே போய்க் கலவையை மெலிதாக்கும், மெலிந்த கலவை சூடேற்றும், சூடு பிஸ்டன் நடுவில் ஓட்டை போடும். அதே காரணத்தால்தான் கார்ப்பரேட்டரின் மெயின் ஜெட்டையும் பெரியதிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு ஜெட்டுக்கும் அவிநாசி ரோட்டில் ஒரு நடை, திரும்பி வந்து பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. காப்பித்தூள் நிறம் நல்லது. வெளுத்திருந்தால் அடுத்த நடை கிடையாது. ஆயில் பம்ப்பை அவர் எந்த வண்டியிலும் கழற்றுவதில்லை. கேட்டால் வால்பாறைக் கதை.

ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட் வகையறாவெல்லாம் சில்லறை வேலை. சில்லறை இல்லாதது பிரேக். ஆர்எக்ஸ் 100க்கு முன்னால் பின்னால் இரண்டுமே டிரம். அந்த டிரம்மை அளவெடுத்தவன் 98 சிசிக்கு அளவெடுத்தவன். இதைச் சொன்னால் தலையாட்டாத பையனில்லை, பிரேக் ஷூ மாற்றக் காசு எடுத்துவைத்த பையனும் இல்லை. கடைசியில் ஷூவுக்கான பணத்தை முன்கூட்டியே மொத்தக் கூலியில் சேர்த்துவிடுகிற தந்திரத்துக்கு அவர் மாறிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவர் மறைப்பதில்லை. மறைத்த காலம் ஒன்று இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது. சிசியும் அந்த விவரங்களில் ஒன்று. 2019இல் வந்த திருத்தம் அதற்குத் தண்டனையையும் எழுதிவைத்தது: மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஜின் நம்பர் கேஸில் அடித்திருப்பது, பிளாக்கில் இல்லை. பிளாக்கை மாற்றினால் யாருக்குத் தெரியும் என்றுதான் தெருவில் எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் 75க்கு மேல் 150 சிசி வரை ஒரே படி. 98க்கும் 132க்கும் பிரீமியம் ஒன்றுதான். ஆனால் பிரீமியம் ஒன்று என்பதால் ஆர்சியில் எழுதியிருப்பது 132 ஆகிவிடாது.

யாருக்குத் தெரியும் என்ற அந்தப் பேச்சு உடைந்தது ஆர்டிஓ அலுவலக வாசலில். சொந்த வண்டிகளுக்குப் பதிவு பதினைந்து வருடம். அதன்பின் ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக 1996இல் வந்த ஆர்எக்ஸ் 100கூட 2011லேயே அந்த வரிசைக்கு வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற நூறுக்கு விலை ஏறியது. 98 சிசி பிளாக்கோடு இருக்கிறதா என்று வாங்குகிறவர்கள் முதல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது அவர் கடைக்கு வருகிற ஆர்எக்ஸ் வேலைகளில் பாதிக்கும் மேல் பின்னோக்கிய பயணம்: 135ஐ இறக்கிவிட்டு நூறை ஏற்றுவது. பொட்டலப் பையன்களுக்குப் புதுப் பிளாக் பூட்டுவதை அவர் நிறுத்திக்கொண்டார். அளந்து காட்டுவார், ஈயக் கம்பி வித்தை காட்டுவார், டீ வாங்கிக் கொடுப்பார், அனுப்பிவிடுவார்.

பரண்மேல் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மாற்றிய காலத்தில் கழற்றிய நூறின் பிளாக்குகளை அவர் பழைய இரும்புக்குப் போடவில்லை. ஆயில் தடவி, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, சொந்தக்காரர் பெயரையும் ஓவர்சைஸ் அளவையும் பெயின்ட்டால் எழுதி அடுக்கிவைத்தார். சேர்த்துவைக்கும் புத்தியில் செய்தது, முன்யோசனையெல்லாம் ஒன்றுமில்லை.

போன தை மாதம் ஒருவர் மகனோடு வந்தார். பல வருடத்துக்கு முன் இங்கேதான் 135 ஏற்றியவர். தலை நரைத்திருந்தது, வண்டி பளபளவென்று இருந்தது. வண்டியை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குள் பழையபடி ஆக்கித்தரச் சொன்னார். பெட்டியைத் துழாவினால் அவருடைய பிளாக் அப்படியே கிடந்தது, 0.50 என்று எழுதியிருந்தது.

“அப்பறம் என்னங்ணா, தூக்கி உக்கார வெச்சரலாமல்லோ?” என்றான் மகன்.

கேஸ் வாயைக் காட்டினார். ஒருமுறை பெரிதாக்கிய வாய். நூறின் மெல்லிய லைனர் கால் அதற்குள் கிணற்றில் விட்ட வாளிபோல நிற்கும். மேல்முகத்தில் பேக்கிங் பிடித்துக்கொண்டாலும் உள்ளே சுற்றிலும் சந்து. வேறு கேஸ் போட்டால் இன்ஜின் நம்பர் மாறிவிடும். ஆர்டிஓ ஆபீஸில் பென்சிலால் தேய்த்து எடுக்கிற நம்பர் அது.

பக்கத்துப் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். லேத்துக்காரர் வந்து, கண்ணாடியை மாட்டி, வாயை மூன்று இடத்தில் அளந்தார். அலுமினியத்தில் ஒரு வளையம் கடைந்து இறுக்கமாக இறக்கி, டிரான்ஸ்ஃபர் வழிக்கு நேராக இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் சரியாகும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டார் நரைத்தவர்.

“கடையறதுக்குப் பத்து நிமிசமுங்க” என்றார் லேத்துக்காரர், கூலியை மட்டும் சொல்லாமல்.